எண்ணெய்க்குள் புகுந்த நீர் யார் பொறுப்பு?

தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் உள்ள 210 மெகாவாட் டர்பைன்கள் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகின்றன. ஓடும்போது பல டன் எடையுள்ள ஷாஃப்ட், பேரிங்கைத் தொடுவதில்லை. ஏறத்தாழ முடியிழைத் தடிமனே உள்ள எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது.

அந்தப் படலத்தைக் கெடுக்கத் தண்ணீர் வரும் வழிகள் எந்த நீராவி டர்பைனிலும் உண்டு: தேய்ந்த சீலில் கசியும் ஆவி, கூலரில் ஓட்டை விழுந்த குழாய், டேங்க் இழுக்கும் ஈரக்காற்று. எண்ணெய் மோர் நிறமான பிறகே பலரும் விழித்துக்கொள்கிறார்கள். கரைந்த நீரோ கண்ணுக்குத் தெரியாது. இயந்திரம் நின்று எண்ணெய் ஆறியதும் அது பிரிந்து அடியில் தங்கி, துருவேற்றும்.

பம்பு, மோட்டார்களில் உள்ள உருளைப் பேரிங்குகளின் பாடு இன்னும் மோசம். அழுத்தம் ஏறினால் எண்ணெய் கெட்டிப்பட்டுச் சுமையைத் தாங்கும். நீருக்கு அந்தக் குணமில்லை. எண்ணெயில் நீர் பத்து லட்சத்தில் 100 பங்கிலிருந்து 400 ஆனால் ஆயுள் பாதிக்கும் கீழே போகும் என்கிறது, டிம்கன் நிறுவனத்தின் கேன்ட்லி 1977-இல் வெளியிட்ட ஆய்வு. 400 பங்கு என்பது வெறும் 0.04 சதவீதம்!

பேரிங் போனால் ஃபிட்டரைத்தான் கேட்கிறோம். அது நியாயமா? எண்ணெய் டிரம்மை வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்தது ஸ்டோர். அதன் தலையில் தேங்கும் மழைநீரை, இரவில் குளிர்ந்து சுருங்கும் டிரம், மூடியின் இடுக்கு வழியே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மூடிகள் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி படுக்க வைத்தால் தீர்ந்தது, காசு செலவில்லை. சீல் வாங்கும் கோப்பைத் தள்ளிவைத்தது கணக்குப் பிரிவு. ஹோஸ் பிடித்துக் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு எங்கே நீர் படக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆய்வக அறிக்கை மேசையிலேயே கிடந்தது.

சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பொரிகிறதா என்று பார்ப்பது எளிது. ஆனால் அது முரட்டுச் சோதனை, 100 பங்கைக் காட்டாது. ஆய்வக எண்ணை ஷிப்ட் பலகையில் எல்லோரும் பார்க்க எழுதிப்போடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஸ்டோர், கணக்கு, இயக்கம், பராமரிப்பு நான்கு பிரிவினரும் ஒருமுறை சேர்ந்து எண்ணெய் டேங்கைச் சுற்றிப் பார்க்கட்டும். நீர் இருப்பதை முதலில் சொன்னவரிடமே விளக்கம் கேட்கும் வழக்கத்தை நிர்வாகம் அதற்கு முன்பே கைவிட வேண்டும். இல்லையென்றால் பலகையில் உண்மையான எண் ஏறாது.