இரண்டு மதிப்பெண்

அக்கா மகள் அமெரிக்காவில் கல்லூரி முதலாண்டு படிக்கிறாள். சேர்ந்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். ஆனாலும் மேற்கத்தியப் பண்பாடு என்று ஒரு பொதுப்பாடத்தை எடுத்தே தீர வேண்டுமாம். செப்டம்பரில் ஒரு ராத்திரி போனில் புலம்பினாள்.

"மாமா, இலியட்ல ரெண்டாவது பகுதியில பாதியத் தாண்டினா கப்பல் கணக்கு. எந்த ஊர்லேர்ந்து எத்தனை கப்பல் வந்துச்சுன்னு பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்கார் ஹோமர். இது எனக்கு எதுக்கு?"

நியாயமான கேள்வி. ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன்.

பிளேட்டோ காலத்திலிருந்து வழிவழியாக வந்த படிப்பு இது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இதற்கு வயது நூறு சொச்சம்தான். முதல் உலகப்போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில், ராணுவப் பயிற்சியில் இருந்த மாணவர்களுக்கு எதற்காகப் போர் என்று விளக்க ஒரு பாடம் நடத்தினார்கள். போர் முடிந்ததும், சமாதானத்துக்கும் ஒரு பாடம் வேண்டும் என்று 1919-இல் 'சமகால நாகரிகம்' தொடங்கியது. ஹோமர் முதலான இலக்கியங்களுக்குத் தனிப்பாடம் 1937-இல் வந்தது. அதில் ஒரு பெண் எழுத்தாளர் இடம்பிடிக்க 1985 ஆயிற்று. ஜேன் ஆஸ்டின். கொலம்பியா கல்லூரி மாணவிகளைச் சேர்க்கத் தொடங்கியதே 1983-இல்தான். அங்குள்ள பட்லர் நூலகத்தின் நெற்றியில் ஹோமர், சோஃபக்ளிஸ், பிளேட்டோ என்று எட்டு ஆண்களின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். 1989-இல் மாணவிகள் சாஃபோ, எமிலி டிக்கின்சன், வர்ஜீனியா உல்ஃப் என்று பெண் பெயர்களை எழுதிய பெரிய துணியை அதற்கு மேலே கட்டித் தொங்கவிட்டார்கள்.

ஸ்டான்ஃபோர்டில் நடந்தது இன்னும் பெரிய ரகளை. 1980-இல் அங்கே கொண்டுவந்த 'மேற்கத்தியப் பண்பாடு' பாடத்துக்கு எதிராக 1987-இல் மாணவர்கள் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனோடு ஊர்வலம் போனார்கள். 1988 மார்ச்சில் பேராசிரியர் சபை வாக்கெடுத்துப் பாடத்தை மாற்றியது. நாட்டின் கல்வி அமைச்சர் வில்லியம் பென்னட் கண்டனம் தெரிவிக்க வளாகத்துக்கே வந்துவிட்டார். யேலில் பிரச்சினை பணத்தில் வந்தது. மேற்கத்திய நாகரிகப் படிப்புக்கென்று ஒரு பழைய மாணவர் 2 கோடி டாலர் கொடுத்தார். ஆசிரியர் நியமனத்தில் தனக்கும் உரிமை வேண்டும் என்றார். 1995-இல் பல்கலைக்கழகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இந்தச் சண்டைகளில் பெரும்பாலும் இரு தரப்பும் பட்டியலையே பிடித்துத் தொங்கியதாக எனக்குப் படுகிறது. யார் உள்ளே, யார் வெளியே என்பதுதான் பேச்சு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் உள்ளே வந்தவரை எப்படிப் படிக்கிறார்கள்? பெரும்பாலும் வாரம் ஒரு நூல், விட்டால் ஒன்றரை வாரம். திருப்பதியில் சாமி பார்ப்பது மாதிரிதான். கண்ணைத் திறப்பதற்குள் 'ஜருகண்டி, ஜருகண்டி' என்று முதுகில் கை விழும். திருக்குறளையும் சேர்க்கச் சொல்லிப் போராடலாமே என்கிறார் நண்பர் ஒருவர். சேர்த்தால் வள்ளுவருக்கும் ஜருகண்டிதான்.

கொலம்பியாவில் ஒரு விஷயத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வகுப்புக்கு இருபத்திரண்டு பேர் அளவில்தான். விரிவுரை கிடையாது, உட்கார்ந்து பேச வேண்டும். நடத்துபவர் அந்த நூலில் நிபுணராக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. தத்துவம் படித்தவர் ஹோமரை நடத்துவார். வாத்தியாருக்கும் சந்தேகம் வரும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதே பாதிப் படிப்பு. செலவு பிடிக்கிற ஏற்பாடு. அதனால்தான் பல இடங்களில் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு ஏற்பாட்டை விட்டுவிடுகிறார்கள்.

டிசம்பரில் மறுபடி போன். பருவ முடிவில் பாடத்தை மதிப்பிடச் சொல்லி மாணவர்களுக்குப் படிவம் வந்ததாம். 'இந்தப் பாடம் பயனுள்ளதாக இருந்ததா?' ஒன்றிலிருந்து ஐந்துக்குள் போட வேண்டும். இவள் 2 போட்டாள். சரிதான், கப்பல் கணக்கின் கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அடுத்த அரைமணி நேரம் அவள் பேசியது கிழவன் பிரயம் பற்றி. இலியட்டின் கடைசிப் பகுதியில், மகன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலீஸின் கூடாரத்துக்கு ராத்திரியில் போய், அவன் கையை முத்தமிட்டுப் பிணத்தைக் கேட்கிறானே, அந்த இடம்.

"பெத்த பிள்ளையக் கொன்ன கை மாமா அது. எப்படி முடிஞ்சுது அவரால? அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து அழறாங்க. சேர்ந்து சாப்பிடறாங்க!"

"இவ்வளவு பிடிச்சிருக்கு, பின்ன ஏன் ரெண்டு போட்டே?"

"அந்த இடம் வந்தப்போ கேக்கலாம்னு கையத் தூக்கினேன். 'நேரமாச்சு, அடுத்த வாரம் ஹெரோடோட்டஸ்'னு போயிட்டார். அவரச் சொல்லியும் குத்தமில்ல மாமா. எங்க வகுப்புல நூத்தி எண்பது பேர்."

ஹோமரும் அந்த வாத்தியாரும் தப்பித்தார்கள். 2 அந்த நூற்றி எண்பதுக்கு. படிவத்தில் அதை எழுத இடமில்லையாம்.