பறவை பார்க்கப் போறவங்க வயலையும் பாருங்க

மாசி, பங்குனி வந்தால் தென்னூரிலிருந்தும் கோடியக்கரைக்கு வேன் கிளம்புகிறது. வழிகாட்டி தொலைநோக்கியில் பூநாரையையும் உள்ளானையும் காட்டுவார். வடக்கே திரும்பும் முன் அவை இரை தின்று உடம்பில் கொழுப்பு சேர்க்கும் நேரம் அது. மத்திய ஆசியப் பறவை வழித்தடத்தில் உள்ள இந்தச் சதுப்பு நிலம் 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான்.

ஆனால் தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி வழியில் ஜன்னலுக்கு வெளியே தெரிவதும் பறவை நிலம்தானே? உள்ளானுக்குச் சரணாலய எல்லை தெரியுமா? மழைக்காலத்தில் வந்து, தண்ணீர் நிற்கும் சம்பா வயலிலும் புழு பூச்சி பொறுக்குகிறது. அங்கே குருணை மருந்து கிடந்தால்? கார்போஃபியூரான் குருணையை விதையென்று தின்று பறவைகள் செத்ததால்தான் அமெரிக்கா 1990-களில் அதை ஏறக்குறைய முழுவதும் நிறுத்தியது.

வேடந்தாங்கல் விவசாயிகள் தலைமுறையாகப் பறவைகளைக் காப்பது சும்மா இல்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். வங்கிக் கணக்கு மாதிரிதான், போட்டால்தான் எடுக்கலாம்.

பயணம் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: வழியில் ஓர் இயற்கை விவசாயியின் வயலோரம் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்துங்க. நம்மாட்களும் குறுவைக்கு முன்னால் ஒருதரம் கோடியக்கரை போய் வாங்க. மருந்தை விடலாமா என்று யோசிக்கிற பக்கத்து வயல்காரரையும் கூட்டிட்டுப் போங்க.