திறப்பைக் கழற்றியும் அணையாத சுவிட்ச்

நிப்பாட்டி வைத்த கார் ஒன்று நடுச்சாமத்தில் பற்றியெரிந்தால் நாங்கள் உடனே சொல்லும் காரணம் ஒன்றுதான்: "பழைய வாகனம், வயர் உருகியிருக்கும்." இந்தக் கதையை இனியாவது விடுவோம். எல்லா நெருப்பும் வயசாலை வாறதில்லை. சிலது வாகனத்தை வடிவமைத்த மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் ஃபோர்ட் கார்களில் நடந்தது அதுதான்.

குரூஸ் கொன்ட்ரோல் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிரேக்கை மிதித்ததும் விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் எஞ்சின் இழுக்க, பிரேக் மறிக்க, நடுவில் நாங்கள். மிதித்த செய்தியைக் கொண்டுபோவது பெடலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சுவிட்ச். அனேகமான கார்களில் பிரேக் லைட்டை எரிய வைப்பதும் அதே சுவிட்ச்தான். ("லைட்தானே, பிறகு பாப்பம்" எண்டு விடுறவை இதைக் கொஞ்சம் யோசிக்கோணும்.)

அது பழுதானால்? அதற்காக ஃபோர்ட் இன்னொரு சுவிட்சையும் வைத்தது. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பூட்டப்பட்டு, பிரேக் ஒயிலின் அமுக்கம் கூடியதும் குரூஸுக்குப் போகும் மின்சாரத்தை அறுக்கும். நல்ல யோசனை, அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் திறப்பைக் கழற்றிய பிறகும் அதற்குள் பற்றறி மின்சாரம் நிற்கும்படி வயர் பண்ணினார்கள். ஓடும்போது மட்டும் தேவைப்படும் குரூஸுக்கு இரவு 2 மணிக்கு எதற்கு மின்சாரம்?

சுவிட்சுக்குள் ஒயிலையும் மின்சாரத்தையும் பிரித்தது கப்டன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தகடு. மிதித்து மிதித்து அது வெடித்தது. ஒயில் கசிந்தது, உள்ளே அரித்தது, மின்சாரம் எர்த்துக்கு ஒழுகியது, சூடேறியது. பிரேக் ஒயில் எரியக்கூடியது என்று தெரியாத பொறியியலாளர் இருக்க முடியாது. எஞ்சின் நின்று, திறப்பு வீட்டுக்குள் ஆணியில் தொங்க, கார் எரிந்தது. வீட்டோடு ஒட்டிய கராஜ்களும் சேர்ந்து எரிந்தன.

1999இல் 1992-93 வருடக் கார்களைத் திருப்பி அழைத்தார்கள். 2005இல் இன்னொரு பெரிய தொகை. 2009இல் மேலும் 45 லட்சம். மொத்தம் 1.4 கோடிக்கு மேல், அதுவும் தவணை தவணையாக! பிழை சுவிட்சிலா, பூட்டிய விதத்திலா என்று சுவிட்சைச் செய்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸுக்கும் ஃபோர்டுக்கும் இடையில் வாதம் வேறு. வீடு எரிந்தவருக்கு அந்த வாதத்தால் என்ன பிரயோசனம்? கடைசியில் பூட்டிக் கொடுத்த திருத்தம் என்ன தெரியுமா, நடுவில் ஒரு பியூஸ் வைத்த சின்ன வயர். பத்து வருசம் இழுபட்ட விசயம் இவ்வளவுதான்.

இது அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். எங்கட கராஜ்களில் "டிரெக்டா குடுத்து விடுறன் தம்பி, பிரச்சினை இல்லை" என்பதை நாங்களே எத்தனை தரம் கேட்டுத் தலையாட்டியிருக்கிறோம். பிரேக் லைட் வயரில் திறப்பில்லாமலும் கரண்ட் நிற்கலாம், அது வழமை. ஆனா பியூஸைத் தாண்டிக் குடுக்க விடாதேங்கோ. அடுத்த முறை டெஸ்ட் லைட்டைப் பிடிக்கச் சொல்லுங்கோ: பியூஸைக் கழற்றினால் அந்த வயரில கரண்ட் நிக்கக் கூடாது. ஒரு நிமிச வேலை.