நடுவில் விட்டவன் குற்றவாளியா?

‘வெண்முரசு எதுவரைக்கும் படிக்கலாம்?’ என்று கேட்டுப் பாருங்கள். இரண்டே பதில்தான் கிடைக்கும். ‘நீலத்தோட நிறுத்திக்கோ, அப்புறம் ஒரே இழுவை’ என்பது ஒன்று. ‘26 நாவலையும் படி, சலிப்பு வந்தா உனக்குப் பயிற்சி போதலை’ என்பது இன்னொன்று. முதல் பதிலைச் சொல்பவர்களில் பலர் ஐந்தாவது நாவலைத் தொட்டதே இல்லை. அவர்களை விடுங்கள். எனக்குக் கோபம் இரண்டாவது கூட்டத்தின் மேல்தான்.

செபராங் ஜெயாவில் என் வீட்டில் தங்கியிருந்த பையன் ஒருவன், பெராய் பக்கம் டெக்னிசியன் வேலை, 12 மணிநேர ஷிஃப்ட். முதற்கனலில் தொடங்கி பன்னிரு படைக்களம் வரை பத்து நாவலைக் கைப்பேசியிலேயே படித்து முடித்தான். பதினொன்றாவதான சொல்வளர்காட்டில் தேங்கிவிட்டான். ஓர் இலக்கியச் சந்திப்பில் அதை வெள்ளந்தியாகச் சொல்ல, பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, ‘தத்துவம் எல்லாருக்கும் ஏறாது தம்பி’ என்றார். அதற்குப் பிறகு அவன் தமிழில் எதையும் திறக்கவில்லை. பத்து நாவல் படித்தவனுக்கு நாம் கொடுத்த மரியாதை இவ்வளவுதான்.

அவன் தேங்கிய இடம் நிஜமாகவே தேங்குகிற இடம். சூதாட்டமும் சபையும் முடிந்த கையோடு தருமன் குருகுலம் குருகுலமாகப் போகிறான், அர்ஜுனன் பாசுபதம் தேடிப் போகிறான், பீமன் பூ தேடிப் போகிறான். சொல்வளர்காடு, கிராதம், மாமலர் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அச்சு: நடப்பது, ஒருவரைச் சந்திப்பது, அவர் சொல்லும் கதையைக் கேட்பது. 2014 முதல் 2020 வரை நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் வந்த படைப்பு இது. காலையில் பசியாறும்போது ஓர் அத்தியாயம் என்றால் அந்த நடை சுகமாகத்தான் இருக்கும். ஓய்வுநாளில் உட்கார்ந்து எட்டு அத்தியாயம் படிப்பவனுக்குக் கால் வலிக்கும். இதைச் சொல்வதில் ஜெயமோகனுக்கு என்ன அவமானம்? ராபர்ட் ஜோர்டானின் ‘வீல் ஆஃப் டைம்’ 14 பாகம். பத்தாவது பாகம் நகரவே இல்லை என்று அதை உயிராக நினைக்கும் வாசகர்களே சொல்கிறார்கள். யாரும் அவர்களைத் தள்ளி வைக்கவில்லை.

‘காட்டைத் தாண்டாம போர் புரியாது’ என்பார்கள். நான் மாமலரைத் தாண்டிக் குதித்தவன். செந்நாவேங்கையில் போர் ஏற்பாடு தொடங்கியபோது எனக்கு எதுவும் குறையவில்லை. பாரதக் கதை நமக்கு முன்னமே தெரியும் லா! வில்லிபுத்தூரார் 18 பருவத்தைப் பத்தோடு முடித்துக்கொண்டார். பாரதியார் ஒரு சபதத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். கர்ண மோட்சம் கூத்து பார்க்க வந்தவனிடம் ஆதிபருவம் கேட்டாயா என்று யாரும் விசாரிப்பதில்லை.

அதே சமயம், நீலத்தோடு மூடிவைப்பவன் ஏமாளி. பீஷ்மர் விழும் திசைதேர் வெள்ளமும் யாதவர் அழியும் கல்பொருசிறுநுரையும் பின்னால்தான் இருக்கின்றன. இரண்டையும் நான் முதல் நாவல்களுக்கு மேலே வைப்பேன். முதல் பத்தைப் படி, காட்டில் ஏதாவது ஒன்றைப் படி, அலுத்தால் நேராகப் பதினெட்டாவதுக்குப் போ. கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

அந்தப் பையன் இப்போது ஜோகூரில் இருக்கிறான். போன வாரம் செந்நாவேங்கை முதல் அத்தியாயத்தை வாட்சப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, ‘நடுவுல ஏழு இருக்கே அண்ணே, பரவாயில்லையா?’ என்று கேட்டிருந்தான்.