முதியோரின் நினைவாற்றல்: தனிமனிதப் பொறுப்பா, சமூகக் கடமையா?

தம்பானூரில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்துள்ளன. மகளைக் காண மதுரைக்குப் புறப்படும் தமிழ் முதியவர் இங்கிருந்துதான் பயணம் தொடங்குகிறார். மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 விழுக்காடு என இருந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி ஒன்றிய அரசு அதைப் பறித்தது. தொற்று தணிந்தது, பறித்த சலுகை திரும்பவில்லை.

இதற்கும் முதுமையில் அறிவாற்றல் மங்குவதற்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவக்கூடும். 2024ஆம் ஆண்டின் லான்செட் ஆணைய அறிக்கை, டிமென்ஷியா எனும் மறதிநோய்க்கு வழிகோலும், மாற்றியமைக்கத்தக்க 14 காரணிகளைச் சுட்டுகிறது. அவற்றைக் களைந்தால் ஏறத்தாழ 45 விழுக்காட்டு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்கிறது. குறைந்த கல்வி, செவித்திறன் இழப்பு, பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, காற்று மாசு, சமூகத் தனிமை ஆகியன அவற்றுட் சில. இவற்றுள் வர்க்கத்தின் சுவடு படியாதது எது?

சந்தையோ வேறு கதை சொல்கிறது: குறுக்கெழுத்தை நிரப்பு, கைபேசியில் விளையாடு, சத்து மாத்திரை வாங்கு, மறதி வந்தால் குற்றம் உன்னுடையது! நடையும் வாசிப்பும் நன்மை தருபவையே. அவற்றை நாம் மறுக்கவில்லை. நடப்பதற்கு நடைபாதை வேண்டும், வாசிப்பதற்குக் கண்ணாடி வேண்டும் என்கிறோம். உயர் இரத்த அழுத்தம் நடுவயதிலேயே கவனிக்கப்பட வேண்டியது. நாள் முழுதும் கடையில் நிற்கும் நாற்பது வயதுத் தொழிலாளிக்கு அதற்கான ஓய்வை யார் தருவது?

70 வயது கடந்தோர்க்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு என 2024இல் ஒன்றிய அரசு முழங்கியது. அது மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தோருக்கானது. அன்றாட மாத்திரையும் செவிக்கருவியும் வீட்டில் வாழ்வோருக்குத் தேவைப்படுபவை. முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு, 79 வயது வரை, 2007இல் இருந்த அதே 200 ரூபாய்தான்.

மாற்று வழி கேரளத்திலேயே உண்டு. வலி தணிப்புப் பராமரிப்புக்கென 2008இல் இம்மாநிலம் வகுத்த கொள்கை, உள்ளாட்சிகளையும் தன்னார்வலர்களையும் நோயாளியின் வீட்டு வாசலுக்கே அழைத்துச் சென்றது. அவ்வழியை நினைவாற்றல் பராமரிப்புக்கும் விரிவாக்க வேண்டும். செவி, கண், இரத்த அழுத்தப் பரிசோதனைகள் வீடு தேடி வர வேண்டும்.

தமிழ் பேசும் தோழர்களுக்கு இதில் தனிக் கடமை உண்டு. மலையாளத்தில் கேட்கப்படும் நினைவாற்றல் சோதனையில் தமிழ் மூதாட்டி ஒருவர் தடுமாறினால், மங்கியது நினைவா, புரியாதது மொழியா என எவ்வாறு அறிவது? தாய்மொழியில் சோதனை என்பது சலுகையன்று, உரிமை. அதை வலியுறுத்துவோம். ரயில் சலுகையை மீட்கக் குரல் எழுப்புவோம். கிளைத் தோழர்கள் தம் பகுதியில் தனித்து வாழும் முதியோரை வாரம் ஒருமுறையேனும் சந்தித்து உரையாடட்டும். நேற்றைய போராட்டங்களை நடத்தியவர்கள் அவர்கள்; அந்நினைவுகளைக் காப்பது இயக்கத்தின் கடமை.