தெற்கா, மேற்கா? மதுரை மொட்டை மாடியில் சோலார் பேனலை எந்தப் பக்கம் பார்த்து வைக்கணும்?

‘பேனல் தெற்கு பார்த்துதான் இருக்கணும்’ என்பார்கள். ஆனால், மதுரையில் பல வீடுகள் கிழக்கு, மேற்கு பார்த்தவை. அப்போ சோலாரே வேண்டாமா? அப்படி இல்லை.

ஏன் தெற்கு?

மதுரை சுமார் 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும். டிசம்பரில் சூரியன் தெற்கே 33 டிகிரி சாய்ந்துவிடும். ஆண்டு முழுக்கக் கணக்குப் போட்டால் 10 டிகிரி தெற்குச் சாய்வுக்கே முதலிடம். ஆனால், சாய்வு இவ்வளவு குறைவு என்பதால், கிழக்கு-மேற்காக வைத்தாலும் இழப்பு சில சதவீதம்தான்.

மணிக்கணக்கு என்ன சொல்கிறது?

மார்ச் 21-ஐ எடுத்துக்கொள்வோம். மேகமில்லாத நாள், நேரடி வெயில் மட்டும், நேர் வெயிலில் கிடைப்பது 100. சூரிய நேரப்படி காலை 8 மணிக்கு, 15 டிகிரி கிழக்கே சாய்ந்த பேனலுக்கு 70, தெற்குக்கு 50, மேற்குக்கு வெறும் 25. நண்பகலில் தெற்குக்கு 100, மற்ற இரண்டுக்கும் 95. மாலை 4 மணிக்கு அப்படியே தலைகீழ்: மேற்குக்கு 70, கிழக்குக்கு 25. (அன்று மதுரையில் நண்பகல் என்பது கடிகாரப்படி சுமார் 12.25.)

உங்களுக்கு எது?

நெட் மீட்டர் இருந்தால், எந்த நேரத்தில் தயாரித்தாலும் யூனிட்டுக்கு ஒரே மதிப்பு. தெற்கே பெஸ்ட். கிரிடுக்கு அனுப்பும் யூனிட்டுக்குக் குறைந்த விலைதான் என்றால், கரன்ட் செலவாகும் நேரமே முக்கியம். மாலையில் ஏசி ஓடும் கடைக்கு மேற்கு கைகொடுக்கும். ராத்திரி ஏசிக்கு எந்தத் திசையும் உதவாது, பேட்டரிதான் வேண்டும்.

நீங்களே பார்க்கலாம்

ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ், அமெரிக்காவின் பிவிவாட்ஸ் இரண்டும் இலவசம். மணிவாரிக் கணக்கு தரும். ஒரு விஷயத்தில் கவனம்: பிவிஜிஐஎஸ்-இல் தெற்கு 0, மேற்கு 90. பிவிவாட்ஸில் தெற்கு 180, மேற்கு 270. மாற்றிப் போட்டால் விடையே மாறிடும்.

2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட் வீட்டு அமைப்புக்கு ரூ.78,000 மானியம். முன்பணம் கொடுக்கும் முன் விற்பனையாளரிடம் மணிவாரிக் கணக்கைக் கேளுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலையும் பார்த்துவிடுங்கள். திசை மாறியதால் போவதைவிட, நிழலால் போகும் யூனிட் அதிகமாக இருக்கலாம்.