மருந்து எலும்பைத் தொடுமா?



குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்கள் நமக்குக் கொண்டாட்டம். ஆனால் தென்காசி வட்டாரத்துத் தொழுவங்களில் நிற்கும் மாடுகளுக்கு அது சோதனைக் காலம். ஈரத்திலும் சாணத்திலும் நாள் முழுதும் நிற்பதால், குளம்புகளுக்கு இடையிலுள்ள தோல் ஊறி வெடிக்கிறது. மாட்டின் குடலிலும் சாணத்திலும் காணப்படும் ஃபூசோபாக்டீரியம் போன்ற கிருமிகள் அந்த வெடிப்பின் வழியே உள்ளே நுழைகின்றன. கவனிக்காமல் விட்டால் புண் ஆழமாகி, மூட்டையும் எலும்பையும் எட்டிவிடும்.

"அதனால் என்ன? நல்ல ஊசியாகப் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்வோர் உண்டு. அது முழு உண்மை அன்று.

எலும்பு உயிரற்ற கல் அல்ல. அதனுள்ளே நுண்ணிய கால்வாய்களும் அவற்றில் இரத்தக் குழாய்களும் உள்ளன. கழுத்தில் போடும் ஆன்டிபயாடிக் ஊசி மருந்து இரத்தத்தோடு இக்குழாய்களின் வழியேதான் எலும்பை அடைய வேண்டும். சீழ் கட்டினால் குழாய்கள் நசுங்கி அடைபடும். எலும்பின் ஒரு பகுதி செத்துப்போகும். வாய்க்கால் தூர்ந்துவிட்டால், குளம் நிறைந்திருந்தும் வயலுக்கு ஏது நீர்?

இதற்கு ஒரு வழி உண்டு. 1908-இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர், கை கால்களை மரத்துப்போகச் செய்ய, பட்டை கட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்தி, அப்பகுதியின் சிரையில் மருந்தை ஏற்றினார். இன்று கால்நடை மருத்துவர்கள் அதே முறையில் ஆன்டிபயாடிக்கைச் செலுத்துகிறார்கள். குளம்புக்கு மேலே ரப்பர் பட்டையை இறுகக் கட்டுகிறார்கள். அதற்குக் கீழுள்ள சிரையில் மருந்தை ஏற்றி, சுமார் அரைமணி நேரத்தில் அவிழ்த்துவிடுகிறார்கள். அதுவரை வெளியேற வழியின்றி மருந்து சுற்றியுள்ள திசுவுக்குள்ளும் எலும்புக்குள்ளும் கசிந்து பரவுகிறது. சாதாரண ஊசியால் கிடைப்பதைப்போல் பல மடங்கு அடர்த்தி அங்கே சேர்கிறது. முற்றும் செத்த எலும்பை மட்டும் அறுத்து நீக்கத்தான் வேண்டும்.

பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படாத இம்முறை, சிற்றூர்க் கால்நடை மருந்தகங்கள் அனைத்திலும் வழக்கத்துக்கு வரவேண்டும் என்பது என் கருத்து. காரணம் ஒரு மாட்டின் கால் மட்டுமன்று. புண்ணை எட்டாத மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் கிருமி சாவதில்லை. மருந்துக்கு அஞ்சாத கிருமிகளே பெருகுகின்றன. அவை மனிதரையும் தாக்கலாம். மனிதருக்குக் கடைசிப் புகலான மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். அதை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கென உற்பத்தி செய்வதையும் விற்பதையும் இந்திய அரசு 2019-இல் தடை செய்தது இந்த அச்சத்தால்தான்.

உங்கள் வீட்டில் மாடு இருக்கிறதா? சாரல் நாட்களில் தொழுவத்தை உலர்வாக வையுங்கள். மாடு நொண்டினால் அன்றே குளம்பைக் கழுவிப் பாருங்கள். கடையில் ஊசி மருந்து வாங்கி நீங்களே போடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனை நாள் பாலைக் கறந்து ஒதுக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு மருந்து என்பது மட்டும் கேள்வியல்ல. அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதே கேள்வி!